ஒரு சொட்டுகூடக் கூடாது

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. என் பையில் எப்போதும் ஆறு பேனா இருக்கும். வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் வருவார்கள், வாங்கிய பேனாவைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். இப்போது என் பையை நீங்கள் வாங்கி வைத்திருப்பதால் இரவல் வாங்கும் முறை எனக்கு வந்திருக்கிறது.

நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். நான்கு நாட்களாக என் மகள் உங்கள் காவலில் இருக்கிறாள். நாளைக் காலை அவளை வேறொரு இடத்துக்கு மாற்றப்போவதாக இன்று சொன்னீர்கள். அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கர்ப்பமாக இருக்கும்போது தாய் குடித்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை என்னவாகும் என்பதை நர்சுகளுக்கும், ஆசிரியர்களுக்கும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் துறைக்கும் இரண்டு முறை வகுப்பு எடுத்திருக்கிறேன். நீங்கள் வரவில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால், இப்படிப்பட்ட பிள்ளைகள் அதட்டிக் கேட்டால் எதற்கும் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வகுப்பை நான் ஒரு முட்டையோடு ஆரம்பிப்பேன். கண்ணாடி டம்ளரில் கால்வாசி சாராயம் ஊற்றி அதில் முட்டையை உடைத்து விடுவேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கரு அடுப்பில் வைத்ததுபோல வெளுத்துத் திரண்டுவிடும். அதுவரை கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். பயம் இல்லாமல் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்பது என் அனுபவம்.

அதன் பிறகு என் மகளை எழுந்து நிற்கச் சொல்வேன். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். வயது பத்தொன்பது. மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் எல்லோருக்கும் இருக்கும் பள்ளம் அவளுக்கு இல்லை. கடிகாரம் பார்க்க வராது. நேற்றுச் சொன்னது இன்று நினைவில் இருக்காது. ஒரே வாக்கியத்தை முப்பது தடவை, நாற்பது தடவை சொல்ல வைத்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த முறையை நானே கண்டுபிடித்தேன், மற்ற தாய்மாருக்கும் கற்றுக்கொடுக்கிறேன். குடிகாரி ஒருத்தி பெற்றுப் போட்டுவிட்டுப் போன குழந்தையை நான் எடுத்து வளர்க்கிறேன் என்று வகுப்பில் சொல்வேன். கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் தெய்வம் என்று சொன்ன நர்சுகளும் உண்டு.

அவளைப் பெற்றது நான்தான். அவள் வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் தினம் மாலையில் இரண்டு டம்ளர் குடித்தேன். அப்போது எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், உங்கள் விசாரணையில் எப்படியும் தெரிந்துவிடும் என்பதுதான்.

இனி என் தம்பி மனைவியின் விஷயம். தம்பிக்குக் கப்பலில் வேலை. போனால் எட்டு மாதம் வர மாட்டான். அவள் ஆறாவது மாதத்தில் இருந்தபோது அவளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். உன்கிட்ட இருந்தா எனக்குக் கவலையே இல்லக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பெண்தான். சிட்டுவிடம் பிரியமாக இருப்பாள். சிட்டுவும் அத்தை அத்தை என்று பின்னாலேயே சுற்றுவாள்.

மூன்றாவது வாரம் குளியலறையில் ஷாம்பு பாட்டிலைத் திறந்தேன். அதில் ஷாம்பு இல்லை. மோந்து பார்த்தேன், சாராயம். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் வீட்டுக்குள்ளேயே இன்னொரு சிட்டு உருவாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பழக்கம் உண்டு என்றாள்.

"நிறுத்திப் பாத்தேன்க்கா. நிறுத்தினா கை நடுங்குது, ஒடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க போனா சரி பண்ணிடுவாங்கன்னு சொல்றாங்க."

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவில் இருக்கும் நர்சுகள் அத்தனை பேரும் என்னிடம் படித்தவர்கள். சுவரில் இருப்பது நான் எழுதிய வாசகம்: ஒரு சொட்டுகூடக் கூடாது. அந்த வாசகத்துக்குக் கீழே என் தம்பி மனைவியை நான் எப்படிக் கொண்டுபோய் உட்கார வைப்பது? ஒரு ஆளின் வெட்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு போய்விட்டால் பாதிக்கப்படுவது பிறக்கப்போகும் ஆயிரம் பிள்ளைகள்.

எனவே வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். பத்து நாள் கணக்கு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று என் வக்கீல் சொல்ல நினைக்கலாம். எனக்குத் தெரியும். எங்கள் பயிற்சியில் பதினேழாவது ஸ்லைடு ஒன்று இருந்தது. தினமும் குடித்துப் பழகியவர்களைத் திடீரென்று வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது, வலிப்பு வரும், தாயும் போகலாம் பிள்ளையும் போகலாம், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று அதில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த ஸ்லைடைப் போட்டபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பணியாளர் எழுந்து, அப்படின்னா கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கலாமா மேடம் என்று கேட்டாள். அறையே சிரித்தது. இப்படி ஒரு ஓட்டை இருந்தால் பானையில் எதுவும் நிற்காது. அன்று மாலையே அதை எடுத்துவிட்டேன். அதன் பிறகு வகுப்பு அருமையாக ஓடியது.

தம்பி மனைவியைப் பூட்டியது ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மாடியின் பின்னறையில் என் பயிற்சிச் சாமான்களை வைத்திருக்கிறேன். அட்டைப் பெட்டிகள், ரப்பர்க் குழந்தை பொம்மைகள், சுவர் முழுக்கப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் முகங்கள் அச்சிட்ட பெரிய போஸ்டர்கள். கூடவே கழிப்பறையும் உண்டு. மேலே இருக்கும் ஒரு பெட்டியை இறக்க வேண்டும், கொஞ்சம் பிடி என்றேன். கை நடுங்கினாலும் வந்தாள். நான் வெளியே வந்து பூட்டைப் போட்டேன். அவள் கைபேசி சமையலறையில் இருந்தது. சாப்பாடு, தண்ணீர், போர்வை எல்லாம் முன்பே உள்ளே வைத்திருந்தேன். ஜன்னல் தோட்டத்துப் பக்கம், அங்கே சத்தம் போட்டால் யாருக்கும் கேட்காது.

முதல் நாள் கதவைத் தட்டினாள். திட்டினாள், அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அடுத்த நாள் மதியத்துக்கு மேல் குரல் மாறியது.

"அக்கா, இந்தப் புள்ளைங்கள வெளிய எடுங்கக்கா. என்னையே பாக்குதுங்க. செவுத்துலேருந்து எறங்கி வருதுங்க. ஒண்ணு என் காலப் பிடிச்சிருக்கு."

அவள் போஸ்டர்களைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அவள் அந்தப் பிள்ளைகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர்களில் ஒரு முகம் சிட்டுவின் ஐந்து வயதுப் படம். அதனிடம் என்ன கெஞ்சினாள் என்று காதை வைத்துக் கேட்டேன். நான் எதுவும் செய்யவில்லை, நான் எதுவும் செய்யவில்லை என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. திறந்திருக்கலாம். திறந்தால் அவளைப் பார்க்க வேண்டிவருமே என்ற பயத்தில் திறக்கவில்லை. இதையும் உள்ளபடி எழுதுகிறேன்.

புதன்கிழமை எனக்கு வகுப்பு இருந்தது. நாற்பது நர்சுகள், மூன்று மாதத்துக்கு முன்பே குறித்த தேதி. சாவியை நூலில் கோத்துச் சிட்டுவின் கழுத்தில் மாட்டினேன். அம்மா வரும்வரை திறக்கக் கூடாது, யார் கேட்டாலும் திறக்கக் கூடாது என்று நாற்பது தடவை சொல்லவைத்தேன். அவள் கதவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் சொன்னதைச் செய்யும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பகல் பன்னிரண்டரைக்கு என் கைபேசி அடித்தது, சிட்டுதான். வீட்டில் இருந்த கைபேசியில் என் எண்ணை மட்டும் அவளுக்கு அழுத்தத் தெரியும்.

"அம்மா, அத்தை ரொம்ப நேரமா கதவ ஒதைச்சாங்க. தலைய முட்டுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. இப்ப கேக்கல."

"நீ தெறந்தியா?"

"இல்லம்மா. நீ வரல இல்ல."

"நல்ல பொண்ணு," என்றேன்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று அந்த நிமிடமே தெரியும். எடுத்துவிட்ட ஸ்லைடு வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். ஆம்புலன்சைக் கூப்பிட எனக்கு ஒரு விரல் போதும், சுற்றிலும் நாற்பது நர்சுகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கை கழுவிவிட்டு வந்து மதிய வகுப்பை எடுத்தேன். அன்று முட்டையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருந்தேன். டம்ளருக்குள் அது வெளுப்பதைப் பார்க்க எல்லோரும் எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு மட்டும் உடம்பு குளிர்ந்துபோய்ப் பல் கிட்டித்தது. மேடம், ஏசியைக் குறைக்கவா என்று ஒருத்தி கேட்டாள்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன், உங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். இரண்டு உயிரும் போயிருந்தது.

அந்த இரண்டு மணி நேரம் எதற்கு என்று நீங்கள் பல தடவை கேட்டீர்கள். சிட்டுவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். நான்தான் பூட்டினேன், அம்மாவுக்குத் தெரியாது. நான்தான் பூட்டினேன், அம்மாவுக்குத் தெரியாது. அத்தைக்கு என்ன ஆச்சு என்று அவள் நடுநடுவே கேட்டாள். பாடத்தைக் கவனி என்றேன். நான் பதறிப்போய் இதைச் செய்யவில்லை, யோசித்தேன். நான் உள்ளே போனால் வகுப்புகள் நின்றுவிடும். அவளுக்கு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது, சட்டம் அவளிடம் இரக்கம் காட்டும். என்னிடம் காட்டாது. எந்தப் பக்கம் சேதம் குறைவு என்று பார்த்தால் எந்தத் தாயும் இந்த முடிவுக்குத்தான் வருவாள்.

நீங்கள் கேட்டீர்கள், அவள் சொன்னாள். எழுதிக்கொண்டீர்கள். அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

நேற்று அவளைப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுத்தீர்கள். தலை வாரியிருக்கவில்லை. செருப்பை இடவலம் மாற்றிப் போட்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, நான் ஏன்ம்மா அத்தையப் பூட்டினேன்?"

அவள் நடிக்கவில்லை. சொல்லிச் சொல்லி, அதுவே நடந்ததாக அவளுக்குள் ஆகிவிட்டது. ராத்திரியெல்லாம் தூங்காமல் காரணம் தேடியிருக்கிறாள், கண் வீங்கியிருந்தது. அத்தை தன்னை மன்னிப்பாளா என்று கேட்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. பூட்டிய அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை. நீ பூட்டவில்லையடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். காவலர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். இன்னும் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது. காரணம் தெரியாமல் அந்தப் பிள்ளை தவிப்பதை எந்தத் தாயால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அதனால் காதோடு ஒரு காரணம் சொல்லிக்கொடுத்தேன். பாப்பா வந்தா அம்மா என்னைப் பார்க்கமாட்டாங்கன்னு எனக்கு அத்தைமேல கோபம். நேரம் முடிவதற்குள் பதினோரு தடவைதான் சொல்லவைக்க முடிந்தது.

இன்று காலை அவளை மறுபடி விசாரித்துவிட்டு வந்து, காரணத்தையும் சொல்லிவிட்டாள், மாற்றப்போகிறோம் என்றீர்கள். அங்கே முன்பின் தெரியாதவர்கள் அவளுக்கு என்னென்ன சொல்லிக்கொடுப்பார்களோ என்பதுதான் என் கவலை. எனவே, பூட்டியது நான், திறக்காதது நான், தெரிந்தே செய்தது நான் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அந்தக் காரணத்தை உங்களிடம் முழுதாகச் சொன்னாளா, நடுவில் எங்காவது தடுமாறினாளா? பதினோரு தடவை போதாது என்று எனக்கே தெரியும். தடுமாறியிருந்தால் அவளைக் குறை சொல்லாதீர்கள். தவறு என் பயிற்சியில்தான்.