பதினான்கு நிமிடப் படம்

குறும்படம் பார்ப்பதற்கு ஞாயிறு மதியம்தான் சரியான நேரம் என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். சாப்பாடு முடிந்திருக்கும், யாரும் அவசரமாக எங்கும் போக வேண்டியிருக்காது. அதனால்தான் அந்த நேரம். வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

என்ன வேலை செய்கிறாய் என்று வெளியே இருக்கும் காவலர் கேட்டார். ஏழு வருடமாக ஓர் இணைய இதழில் வாராவாரம் ஐந்து குறும்படங்களையும் இரண்டு பாட்டு வீடியோக்களையும் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. அதற்காக வாரம் நாற்பது படம் பார்ப்பேன். இதெல்லாம் ஒரு வேலையா என்று அவர் முகம் கேட்டது. கேட்கட்டும், பழகிவிட்டது.

பழகாதது ஒன்று உண்டு. போன மாதம் ஓர் இயக்குநர்ப் பெண் நன்றி சொல்லிக் கடிதம் எழுதி, கூடவே ஒரு வரைபடமும் அனுப்பியிருந்தார். என் பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் படத்துக்குப் போனவர்கள் எந்த நொடியில் வெளியேறினார்கள் என்ற விவரம். முக்கால்வாசிப் பேர் நாற்பதாவது நொடியிலேயே கிளம்பிவிட்டார்கள். கடைசிவரை பார்த்தவர் ஒரே ஒருவர். அது நான்தான். ஏழு வருடம் யாருக்காக மாரடித்தேன் என்று அன்றைக்கு வயிறு எரிந்தது.

வீட்டிலும் அதே கதைதான். வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அக்கா தையல்காரி, முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறாள். எந்தப் படத்தையும் முதலில் அவளுக்குத்தான் காட்டுவேன். குறும்படக்காரர்களுக்கு ஒரு பழக்கம், கடைசிக் காட்சிக்கு முன்னால் திரையைப் பத்து நொடி இருட்டாக்குவார்கள். அந்த இருட்டு வந்ததும் அக்கா எழுந்துவிடுவாள்.

"முடிஞ்சிடுச்சா? நல்லாருக்குடா."

"முடியலக்கா. இனிமேதான் விஷயமே இருக்கு."

"அதான் பாத்துட்டேனே. நீ காட்டுற படமெல்லாம் பாதி மழை, பாதி இருட்டு. யாராவது ஒருத்தி ஜன்னல் வழியா வெறிச்சுப் பாத்துட்டே இருப்பா. அந்த நேரத்துல பட்டன் வெச்சா ஒரு சட்டை முடிஞ்சிடும்."

எதைக் காட்டினாலும் நல்லாருக்கு. நெட் நின்றுபோய்ச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த வட்டத்துக்கும் ஒருமுறை நல்லாருக்கு என்றாள். அடுப்பில் பால் இருக்கும், துணி கொடுத்தவர்கள் போன் செய்வார்கள். இல்லையென்றால் இழுப்பு வரும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலரைத் தேடி உள்ளே போவாள், போனால் திரும்ப வரமாட்டாள்.

அந்த ஞாயிறு எனக்கு ஒரு பதினான்கு நிமிடப் படம் வந்திருந்தது. ஒரே ஷாட். குழாயடியில் ஒருத்தி பாத்திரம் கழுவுகிறாள், அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டாவது நிமிடத்தில் அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கிறாளே, அதற்கு என் ஏழு வருடத்தையும் கொடுக்கலாம். இதையாவது ஒரு மனிதப் பிறவி முழுசாகப் பார்த்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுப்பை அணைத்தேன். மெஷின் பிளக்கைப் பிடுங்கினேன். அவள் போனை அலமாரிக்குள் வைத்தேன். இன்ஹேலரை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"பதினாலே நிமிஷம்க்கா. எனக்காக."

"சரி, போடுடா. ரொம்பத்தான் பண்ற."

ஒன்பதாவது நிமிடத்தில் இழுப்பு ஆரம்பித்தது. என் பையைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"தம்பி, அதக் குடு."

"அஞ்சு நிமிஷம்தான்க்கா. இப்ப நிறுத்துனா மொத்தமும் போச்சு."

ஒரே ஷாட் படத்தை நடுவில் நிறுத்தக்கூடாது, அது எடுத்தவருக்குச் செய்யும் துரோகம். நிறுத்தாமலேயே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் எழுந்து போய்விடுவாள், எனக்கு அவளைத் தெரியும். அவள் என் சட்டையைப் பிடித்தாள். நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்தப் பார்வை வந்தது. "இதான்க்கா, இதப் பாரு" என்றேன். அவள் கை என் கையை இறுக்கியது. அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் இப்போதும் நம்புகிறேன். பெயர்கள் ஓடி முடியும்வரை நான் கையை விடவில்லை. அதற்குள் அது தளர்ந்திருந்தது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு வருகிறேன். தெரியும். சாக்கு இல்லை, நிஜமான இழுப்புதான் என்று தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், எது எந்த அளவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா. தெரிந்துதான் கொடுக்கவில்லை.

படம் முடிந்தது மூணு இருபதுக்கு, ஆம்புலன்ஸை அழைத்தது மூணு ஐம்பதுக்கு. நடுவில் அரை மணி நேரம் என்ன செய்தேன் என்கிறீர்கள். வேலை செய்தேன். அன்று மாலை பட்டியல் போக வேண்டிய நாள். அந்தப் படத்தைத்தான் முதலில் வைத்தேன். இரண்டு வரி சட்டென்று வந்துவிட்டது, மூன்றாவதுக்குத்தான் நேரம் பிடித்தது. கடைசியில் பக்கத்தில் சாய்ந்திருந்த அக்காவைப் பார்த்தேன், உள்ளதை அப்படியே எழுதினேன்: ‘வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம், ஒருவர்கூட நடுவில் எழுந்திருக்கவில்லை.’