ஸ்டியரிங்குக்குக் கீழை நாலு நட்

பண்டத்தரிப்பு
12.4.1983

குணலட்சுமி அக்கா,

இந்த டைப்ரைட்டருக்கு நேற்றுத்தான் புது ரிப்பன் போட்டனான். எழுத்து எப்பிடி விழுது பாருங்கோ, புத்தகம் மாதிரி. என்ரை கையெழுத்து உங்களுக்கு விளங்காது, அதாலைதான் டைப் அடிக்கிறன்.

முந்தநாள் சண்முகண்ணையின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனம் எல்லே. கேணியடியிலை வைச்சு நீங்கள் கேட்டனீங்கள்: "சீவா, நான்தான் பூசைக்கு நேரம் போகுது, கெதியாய் வாங்கோ எண்டு அவரைக் கலைச்சனான். அதாலைதான் வேகமாய் ஓடினவரோ?"

அழாதேங்கோ அக்கா. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. அது ரிவெட் நட்டாலை வந்தது. ஆற அமரச் சொல்லுறன்.

உங்கடை தம்பி லண்டனிலை இருந்து அந்தக் காரைத் துண்டு துண்டாய்ப் பெட்டியிலை அனுப்பேக்கை, அதுக்குள்ளை ரெண்டு பை ரிவெட் நட் இருந்தது. எனக்கு அண்டைக்கு நித்திரையே வரேல்லை. சாதாரண நட் எண்டால் பின்னாலை ஸ்பானர் பிடிக்கோணும். மூடின இரும்புக் குழாய்க்குள்ளை கை போகுமே? இதை ஓட்டைக்குள்ளை விட்டு முன்னாலை நிண்டு இழுத்தால் காணும். உள்ளுக்குப் புடைச்சுக்கொண்டு நண்டு மாதிரிக் கவ்வும். பேந்து அதிலை போல்ட்டை முறுக்க வேண்டியதுதான். இழுக்கிற சாமான் பெட்டியிலை வரேல்லை. ஒரு போல்ட், தடிச்ச வாசர் ஒண்டு, ரெண்டு ஸ்பானர், அதோடை சமாளிச்சனான். ஐஞ்சு மாசம், நூத்திப் பன்னிரண்டு நட். ஒண்டுகூட ஓட்டைக்குள்ளை வழுகிச் சுத்தேல்லை.

ஒரு பையிலை இரும்பு, மற்றதிலை அலுமினியம். பார்வைக்கு ஒண்டுபோலை, காந்தம் வைச்சால்தான் தெரியும். லைற்றுக்கு, நம்பர் பிளேற்றுக்கு அலுமினியம் காணும். சீற்றுக்கும் ஸ்டியரிங் தண்டைத் தாங்குற தகட்டுக்கும் இரும்புதான் போடவேணும். ஓட்டையும் அச்சொட்டாய் இருக்கோணும். துளி பெருத்தாலும் கவ்வாது. இதெல்லாம் நான் அண்ணைக்குச் சொன்னனான். அவர் பேப்பர் வாசிச்சுக்கொண்டு "ஓம் ஓம்" எண்டவர்.

அவர் நல்ல மனிசன். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கொடிகாமத்திலை இருந்து சிநேகிதர் வந்தால், "சாமான் லண்டன், மூளை பண்டத்தரிப்பு" எண்டு தன்ரை நெத்தியைத் தட்டிக் காட்டுவார். நான் காருக்குக் கீழை படுத்திருப்பன். என்ரை ரெண்டு காலும் மட்டும் வெளியிலை தெரியும். ஒருத்தரும் ஆரின்ரை கால் எண்டு கேட்டதில்லை. நான் சிரிச்சுப்போட்டு வேலையைப் பார்ப்பன்.

கீரிமலைக் கோயிலிலை காருக்குப் பூசை எண்டு வெள்ளிக்கிழமைக்கு நாள் வைச்சியள். புதன்கிழமை நான் கேட்டனான், "அண்ணை, அருச்சனையிலை என்ரை பேரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்லுவியளே?"

"ஏன்ரா, நட்டு முறுக்கினவனுக்கெல்லாம் அருச்சனை எண்டால் ஐயர் பின்னேரம் வரைக்கும் நிக்கோணும்" எண்டவர். நீங்களும் சிரிச்சனீங்கள். பரவாயில்லை, பகிடி நல்ல பகிடிதான்.

வியாழன் காலமை அவர் வேலைக்குப் போனாப்பிறகு வந்தன். ஸ்டியரிங்குக்குக் கீழை இருந்த நாலு இரும்பு நட்டையும் துளைச்செடுத்தன். ஓட்டையளை அரத்தாலை கொஞ்சம் அகட்டினன். அலுமினியத்திலை நாலு போட்டன். நீங்கள் தேத்தண்ணி கொண்டந்து, "இன்னும் முடியேல்லையே?" எண்டு கேட்டனீங்கள். "கடைசி நாலு, அக்கா" எண்டன். அதிலை பொய் இல்லை.

நேர் ரோட்டிலை ஒண்டும் நடக்காது. வேகமாய் ஒரு வளைவு எடுத்தால் தண்டு கழண்டு மடியிலை விழும். கீரிமலைக்குப் போற மாதகல் கடக்கரை ரோட்டு வளைவுகளை நான் சைக்கிளிலை போய்ப் பார்த்திட்டு வந்தனான். நீங்கள் கலைச்சதாலை அவர் வேகமாய் ஓடேல்லை அக்கா. நீங்கள் சொல்லாட்டிலும் ஓடியிருப்பார். நான் அதை நம்பித்தான் செய்தனான்.

இன்னொண்டு. டயருக்குக் கீழை எலுமிச்சம்பழம் நசியும் மட்டும் புதுக் காரிலை பொம்பிளையள் ஏறக்கூடாது எண்டு சொல்லி, உங்களைப் பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போனது நான் எல்லே. அப்பிடி ஒரு வழக்கம் எங்கையும் இல்லை. நான் உண்டாக்கினது. உங்களிலை எனக்கு என்ன கோவம்? ஐஞ்சு மாசம் உங்கடை தேத்தண்ணி குடிச்சனான்.

கோயில் வாசலிலை நாலு எலுமிச்சம்பழத்தையும் மாலையையும் வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். "இந்த மனிசனை இன்னும் காணேல்லை, ஒருக்கா ரோட்டடியிலை போய்ப் பார் சீவா" எண்டனீங்கள். நான் ரோட்டடிக்குப் போகேல்லை. உள்ளுக்குப் போய் என்ரை பேருக்கு ஒரு அருச்சனை செய்விச்சுப்போட்டு வந்தனான்.

இப்ப உங்கடை மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். கார் வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளை வெய்யிலிலை காயுறதுதான் எனக்குக் கவலை. பனையிலை மோதினது முன்பக்கம் மட்டும். மிச்சம் நூத்தியெட்டு நட்டும் அசையேல்லை, ஒவ்வொண்டாய்ப் பார்த்தனான். வித்துப்போடாதேங்கோ அக்கா. சனிக்கிழமை ஸ்பானரோடை வாறன். இந்தமுறை ஸ்டியரிங்குக்கு இரும்புதான் போடுவன்.

சீவரத்தினம்