சாவறியா மூவரில் ஒருவன்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் குற்றாலம் தெரியாது. மார்கழியில் வரவேண்டும். கடைகளில் பாதி அடைத்திருக்கும். தள்ளுமுள்ளு இல்லாமல், நமக்கு வேண்டிய மட்டும் நின்று குளிக்கலாம். நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று ஏட்டையா சொன்னார். அதனால் சொல்கிறேன்.

நான் இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் தென்காசியிலிருந்து சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு வருகிறவன். பேரருவிக்குப் போவதில்லை. மலையில் அரை மணி நேரம் ஏறினால் பாறைகளுக்கு நடுவே ஒரு கசம் உண்டு. உங்கள் பக்கத்தில் மடு என்பீர்கள். அங்கேதான் குத்தாலிங்கம் செத்துப்போனான். எண்பத்து மூன்று ஜனவரி இரண்டாம் தேதி, காலை பத்தரை மணிக்கு. உங்கள் கோப்பில் பதினோரு மணி என்று இருக்கிறது. அது தவறு.

என் பெயர் சந்தானகிருஷ்ணன். தமிழ் வாத்தியார். பிழை திருத்துவது என் தொழில். அந்தக் கோப்பில் இன்னும் சில பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தத்தான் வந்தேன்.

குத்தாலிங்கம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள். பத்து வருஷம் என் முதுகுக்கு அவன்தான் எண்ணெய் தேய்த்தான். நல்ல கை. சிலம்பம் தெரியும். உயரத்திலிருந்து தலைகீழாகத் தண்ணீரில் பாய்வதில் அவனுக்கு இணை இந்த மலையில் கிடையாது. என் மகள் குழல்வாய்மொழிக்கு அவனைப் பிடிக்கும். படிக்கட்டுப் பாதையில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவான். எழுபத்து நாலில், ஏழு வயதில், மூளைக்காய்ச்சலில் அவள் போனபோது அவன் எங்கள் தெருமுனையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றான். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. அவனும் வரவில்லை.

அவள் கடைசியாகப் பேசியது என்னிடம். "அப்பா, நான் போனா நீயும் கூட வருவியா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். குழந்தையிடம் வேறு என்ன சொல்வது? அப்புறம் நான் போகவில்லை. மறுவாரம் பள்ளிக்கூடம் திறந்தது. வகுப்புக்குப் போனேன்.

ஏழு வருஷம் கழித்து வல்லிநாயகம் என்னைத் தேடி வந்தார். வாசுதேவநல்லூர்க்காரர், சென்னையில் இரண்டு படம் எடுத்தவர். குற்றாலத்தில் எடுக்கிற மாதிரி ஒரு சண்டைப்படம் வேண்டும், கதை இருக்கிறதா என்றார். இருந்தது. ஒரு பாளையக்காரரிடம் சேவகம் செய்த மூன்று வீரர்கள் மலைச்சுனையில் ஒரு மூலிகைத் தண்ணீரைக் குடித்துச் சாகாவரம் பெறுகிறார்கள். முந்நூறு வருஷம் சண்டை போடுகிறார்கள். வெட்டினாலும் எழுந்து வருகிறார்கள். 'சாவறியா மூவர்' என்று பெயர் வைத்தேன்.

சண்டையெல்லாம் வல்லிநாயகத்துக்காக எழுதியது. எனக்கென்று எழுதியது ஒரே ஒரு காட்சி. மூத்த வீரனுக்கு ஒரு மகள். அவள் சாகக் கிடக்கிறாள். "அப்பா, நான் போனா நீயும் கூட வருவியா?" என்று கேட்கிறாள். அவன் சாக முடியாதவன். "வர முடியாதும்மா" என்கிறான். அவ்வளவுதான் காட்சி. எட்டு நிமிஷம் ஓடும். என்னால் சொல்ல முடியாமல் போன பதிலை அவனைச் சொல்ல வைத்தேன்.

மூன்றாவது வீரனாக நடிக்கக் குத்தாலிங்கத்தைச் சிபாரிசு செய்ததும் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு நான் கெடுதல் நினைத்தவன் இல்லை. கசத்துக்கு மேலே நாலு ஆள் உயரத்தில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு அங்கிருந்து அவன் தலைகீழாகப் பாய்கிறதை மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே மேலே வந்தான்.

எண்பத்திரண்டு தீபாவளிக்குப் படம் வந்தது. வரவேற்பு இரண்டு விதமாக இருந்தது. சென்னைப் பத்திரிகை ஒன்று, 'சண்டைகளுக்கு உயிர் இருக்கிறது, கதைக்கு இல்லை' என்று எழுதியது. இன்னொன்று, புது முயற்சி, ஆனால் நீளம் என்றது. திருநெல்வேலியில் பத்தே நாளில் கொட்டகையிலிருந்து தூக்கிவிட்டார்கள். செங்கோட்டையில் மலைக்கு அந்தப்பக்கத்து ஆட்கள்கூட வந்து பார்த்தார்கள். தென்காசியில் டீக்கடைக்கு டீக்கடை சண்டை. "சாகவே மாட்டான்னு தெரிஞ்சு போச்சுன்னா அவன் சண்டையில என்னலே பயம் இருக்கு? வெட்டுதான், எந்திச்சு வாரான், மறுபடியும் வெட்டுதான்" என்று ஒருவர் சொன்னார். யோசித்துப் பார்த்தால் நியாயமான விமர்சனம். பக்கத்தில் இருந்தவர், "அந்தக் குதி ஒண்ணு போதும்லே. நான் நாலு தரம் பாத்துட்டேன்" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

மூன்றாம் நாள் பகல் காட்சிக்கு என் மனைவி பிருஹதாம்பாளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குக் கதை தெரியாது. மகள் காட்சி வந்தது. திரையில் அந்தக் குழந்தை, "நீயும் கூட வருவியா?" என்று கேட்டது. முன் வரிசையிலிருந்து ஒருத்தன், "அவரு எப்படித் தாயி வருவாரு, அடுத்த சண்டைக்கு நேரமாச்சுல்லா" என்றான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. சிலர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிருஹதாம்பாள் கேட்டாள். "அது நம்ம குழந்தை கேட்டதுதானே? என்னண்டகூட நீங்க சொன்னதில்லையே. எட்டு வருஷமா உள்ளே வெச்சிருந்துட்டு, ஊரார் சிரிக்கவா எடுத்துக் கொடுத்தேள்?"

மறுநாள் கல்லிடைக்குறிச்சியில் அவள் அண்ணா வீட்டுக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சௌக்கியம் என்று கேள்வி.

இரண்டாவது வாரம் வல்லிநாயகம் தென்காசிக்கு வந்தார். கொட்டகை மாடியில் அவரும் நானும் குத்தாலிங்கமும் உட்கார்ந்திருந்தோம். படத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று பேச்சு. குத்தாலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது. அந்தப் பிள்ள சாகுத சீன்ல ஜனங்க எந்திச்சுப் போயிருதாங்க. நான் தினம் பின்னால நின்னு பாக்கேன். அதை எடுத்துட்டா படம் பிழைச்சுக்கிடும்." பிறகு என் பக்கம் திரும்பி, "சார்வாள் எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா அழுகை யாருக்கு வேணும்?" என்றான்.

அது யாருடைய வார்த்தை என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அவளைத் தோளில் சுமந்தவனுக்கு அது தானாகத் தெரிந்திருக்க வேண்டும். வல்லிநாயகம் என்னைப் பார்த்தார். உங்கள் இஷ்டம் என்றேன். இரண்டு நாளில் எல்லாப் பிரதியிலும் அந்த எட்டு நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். படம் பிழைத்துக்கொண்டது. அவன் சொன்னது சரிதான்.

அதன் பிறகு அவனைச் சென்னையில் சண்டைப் பயிற்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். போகும்போது என் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் காப்பி கொடுத்தேன். கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்தால் காப்பி கொடுப்பேனா?

ஐம்பதாவது நாளுக்குப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று வல்லிநாயகம் விரும்பினார். அந்தக் குதி கேமரா தந்திரம் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அதனால் ஜனங்கள் முன்னால் குத்தாலிங்கம் நிஜமாகவே பாய்ந்து காட்டுவது என்று முடிவாயிற்று. எனக்குக் கடிதம் போட்டார். 'சார்வாள், வாரம் தவறாம அங்கன போறவுக நீங்க ஒருத்தர்தான். இடம் சரியா இருக்கான்னு ஒரு எட்டு பாத்து எழுதுங்க.'

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்கு முந்தைய வாரம் மலையில் பெருமழை. அன்று மட்டும் மழை விட்டு வெறித்திருந்தது, தண்ணீர் தெளிந்திருந்தது. கசத்தின் நடுவில், நீட்டுப்பாறைக்கு நேர் கீழே, வெள்ளம் ஒரு பாறையை உருட்டிக்கொண்டு வந்து போட்டிருந்தது. நின்ற யானை அளவு இருக்கும். நான் நீந்திப் போய் அதன்மேல் ஏறி நின்றேன். தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. சுற்றிலும் மூன்று ஆள் ஆழம். கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் முதுகில் இதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பதில் எழுதினேன். 'எல்லாம் முன்போலவே இருக்கிறது.' அந்தக் கடிதம் வல்லிநாயகத்திடம் இருக்கும். இல்லாவிட்டாலும் நான் எழுதியது உண்மை.

அப்புறம் மறுபடியும் மழை. தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கிவிட்டது. மேலே யாரும் போகவில்லை. எனக்கு நேரம் இருந்தது. பதினான்கு நாள். ஒரு தபால் கார்டு போதும். ஒவ்வொரு நாளும் நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன். இதை மறதி என்று சொல்ல முடியாது. மறக்கவே இல்லை.

பாய்ந்தபோது என்ன நடந்தது என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்லவேண்டாம். பாறை இருந்தது யாருக்கும் தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள். அவன் குடித்திருந்தானா என்று அன்றைய இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். குடித்திருந்தால்தான் தண்ணீரைப் பார்க்காமல் பாய்ந்திருப்பான் என்று அவருக்கு ஓர் எண்ணம். வாசனை வந்தது என்று சொன்னேன். அவர் நிம்மதியாக எழுதிக்கொண்டார். இது இன்னொரு பிழை. அன்று அவனிடம் வந்தது ராத்திரி முழுக்க ரயிலில் வந்த புகை வாசனை மட்டும்தான்.

படம் தென்காசியில் நூறு நாள் ஓடியது. நானும் ஒருமுறை போனேன். அவன் பாய்கிற இடத்தில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. முன்பு கதைக்கு உயிரில்லை என்று எழுதிய அதே பத்திரிகை, மனதைப் பிசையும் படம் என்று மறுபடியும் எழுதியது.

ஐந்து வருஷம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போன திங்கட்கிழமை அவன் மனைவி முப்பிடாதி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வடிவு என்று பெயர். ஒல்லியான பெண். அவனுடைய நெற்றி.

"சார்வாள், நீங்கதான் இவளைப் பாத்துக்கிடணும்" என்றாள் முப்பிடாதி. "குடிச்சுட்டு விழுந்து செத்தவன் மகள்னு ஊருல சொல்லுதாங்க. நானும் அந்த மனுசனை ஏசாத நாளில்ல. புள்ள முகத்தை நினைச்சிருந்தா அன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருந்திருக்கலாம்லா?"

"எங்கப்பா குடிக்க மாட்டாரு" என்றது அந்தப் பெண். அம்மாவிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னது.

முப்பிடாதி அதன் கன்னத்தில் ஓர் அடி கொடுத்தாள். பெரிய அடி இல்லை. அந்தப் பெண் அழவில்லை. விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் நான் குத்தாலிங்கம் என்று எழுதினேன். 'லேட்' என்று போடவேண்டும். போடாமலே மடித்து வைத்தேன். நாலு நாள் பார்த்தேன். வகுப்பில் அது முதல் பெஞ்சில் உட்காருகிறது. இன்று இங்கே வந்துவிட்டேன்.

மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது. இது எந்தக் கோப்பிலும் இல்லை.

அன்று காலை கொல்லம் மெயிலில் வந்து இறங்கினான். ஸ்டேஷனிலேயே மாலை போட்டு, மேளத்தோடு காரில் ஏற்றினார்கள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். முப்பிடாதிக்கு ஒரு புடவை வாங்கி வந்ததாகச் சொல்லிப் பையைப் பிரித்துக் காட்டினான். பிறகு, "சார்வாள், கசம் எப்படி இருக்கு? மழை பலமாம்லா" என்று கேட்டான்.

"அப்படியேதான் இருக்கு" என்றேன்.

மேலே போனோம். கரையெல்லாம் ஜனம். நீட்டுப்பாறையில் நானும் அவனும் மட்டும் நின்றோம். அவன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். எட்டிப் பார்த்தான். முகம் கொஞ்சம் மாறியது.

"தண்ணி ஒரேயடியாக் கலங்கிக் கெடக்கே. பாயுததுக்கு முன்ன ஒரு தடவ முங்கிப் பாத்துட்டு வந்துரட்டுமா?"

"நான் இறங்கிப் பார்த்தேன் குத்தாலிங்கம். நடுவில்தான் நல்ல ஆழம். நடுவிலேயே பாய்."

"நீங்க பாத்தாச் சரி" என்றான்.

வாளைப் பல்லில் கடித்துக்கொண்டான். திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஜனங்கள் விசிலடித்தார்கள். அவன் நடுவில்தான் பாய்ந்தான்.

நான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி வரை அவனுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்த அளவுக்கு அவனிடம் நான் நல்லபடியாகவே நடந்துகொண்டிருக்கிறேன்.