டேப் சுத்துற எலி

பெட்ரோல் தீந்துபோச்சுன்னு எட்டிப் பாத்ததுமே சொல்லிட்டீங்களே அண்ணே, நீங்கெல்லாம் லாரி ஓட்டுற ஆளா? பெட்ரோல் முள்ளு காலியில நிக்குது, அதனால டேங்க்கும் காலி, அப்படித்தானே? இந்த முள்ளு ரெண்டு மழைக்காலமா அங்கேயேதான் படுத்துக் கிடக்கு. வண்டியப் பின்னால புடிச்சு ஆட்டுங்க. இன்னும் கொஞ்சம். சலக் சலக்னு கேக்குதா? காலையில கபிரியில கிளம்புறப்பவே நிரப்பிட்டுத்தான் வந்தேன்.

பானெட்ட மூடுங்க, அங்க ஒண்ணும் இல்ல. ஆம்பளைங்க எல்லாரும் மொதல்ல அங்கதான் தலைய விடுவீங்க. இப்பத்தான் ஒருத்தர் சைக்கிள நிறுத்திட்டு வந்து எட்டிப் பாத்தாரு. எங்க உன் வீட்டுக்காரர்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. என் வீட்டுக்காரர் என்ன ஸ்பேனரா?

அவரு பேரு கபெம்ப்வா. கபிரி சர்ச்சுல பாட்டுக் குழுவ நடத்துறவரு. வெண்ணெய் மாதிரிக் குரலு. என்னைய அம்மா தாயேன்னுதான் கூப்பிடுவாரு. கைய ஓங்குனதில்ல, ஒரு கெட்ட வார்த்தை பேசுனதில்ல. வண்டி எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது. ஆனா அதுக்கு வைத்தியம் பாக்குறது எல்லாம் அவருதான். முள்ளு விழுந்தப்ப, பழைய வண்டி, எலி ஒயரக் கடிச்சிருக்கும், தூரமா எங்கயும் போகாத தாயேன்னாரு. நானும் கருவாட்டு மூட்டைய ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போவேன், வீட்டுக்கு வருவேன். அதுக்கு ஒழுங்கா ஓடும். அதத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போனா இருமி இருமி நின்னுடும்.

மெக்கானிக்கா? வந்தாங்களே! சிமுகோண்டான்னு ஒருத்தன் ப்ளக்க மாத்துனான். சந்தை வரைக்கும் ஓட்டிக் காட்டி, பாத்தியான்னான். இன்னொருத்தன் டேங்க்கக் கல்லால தட்டித் தட்டிக் கேட்டான், என்னமோ பலாப்பழம் வாங்க வந்தவன் மாதிரி. சர்ச்சுப் பெரியவர் ஒருத்தர் பானெட் மேல கைய வச்சு ஜெபமே பண்ணுனாரு. கார்புரேட்டர்ல சாத்தான் உக்காந்திருக்கானாம்! சிரிக்காதீங்க, நான் ஆமென் சொன்னேன்.

பின் சீட்டத் தூக்குங்க. அந்தத் தகட்டுக்குப் பக்கத்துல, டேங்க்குல இருந்து முள்ளுக்குப் போற ஒயரு. அதான், அறுந்த நுனியில கறுப்பா டேப் சுத்தியிருக்கே, அதேதான். போன ஞாயித்துக்கிழமை அவரு பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தப்ப, சிந்தின மாவக் கூட்டலாம்னு சீட்டத் தூக்குனேன். சாவியப் போட்டுட்டு, டேப்பக் கொஞ்சம் விலக்கி அந்த நுனிய இரும்புல தொட்டுப் பாத்தேன், முள்ளு கிர்ருன்னு மேல ஏறுச்சு. ஒயர எலி கடிக்கும் அண்ணே, ஒத்துக்குறேன். கடிச்ச நுனியில அழகா டேப் சுத்தி ஓரமா மடிச்சு வைக்குமா? எந்த ஊரு எலி அது, பாட்டுப் பாடுற எலியா?

நான் ஒண்ணும் கேக்கல. சேத்தும் வைக்கல. தினமும் காலையில வந்து முள்ளப் பாத்துட்டு, பத்திரம் தாயேன்னுட்டுப் போவாரு. பாக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஆனா இஞ்சின் எதுக்கு நிக்குதுன்னுதான் தெரியல. அதுக்கும் ஒயருக்கும் சம்பந்தம் இல்லையே. என்னண்ணே? டேங்க் மூடியா? சரி, திறங்க.

அம்மாடி! என்ன இப்படி உஸ்ஸுன்னு இழுக்குது? ஓ... காத்து உள்ள போக வழி இல்லாமத்தான் பெட்ரோல் முன்னால வரமாட்டேங்குதா. அப்ப உங்களுக்கும் கொஞ்சம் தெரிஞ்சுதான் இருக்கு, ஒத்துக்குறேன். மூடியக் குடுங்க. இந்த ஓட்டைதானா? அடைச்சிருக்கு. இருங்க, கொண்டை ஊசி இருக்கு.

மண்ணு இல்ல அண்ணே. மெழுகு. வெள்ளை மெழுகு.

எங்கம்மா செத்து நான் கிளம்புனப்பவும் வண்டி இதே ரோட்டுலதான் நின்னுச்சு. இங்க இல்ல, முகுஷி ஊருக்கு இந்தப் பக்கம். மறுநாள் அடக்கம். அவருக்குத்தான் போன் பண்ணுனேன். டிராக்டர் எடுத்துக்கிட்டு வந்து வீட்டுக்கே திரும்பக் கட்டி இழுத்துட்டுப் போனாரு. வீட்டுல என் தலையத் தோள்ல சாச்சுக்கிட்டு, கடவுள் சித்தம் தாயேன்னாரு. நானும் அந்தத் தோள்லயே அழுதேன். எங்கம்மா முகத்த நான் பாக்கல.

ஒண்ணுமில்ல. புகை, கண்ணுல பட்டுருச்சு. ஆமா, புகை இல்லதான். விடுங்க.

உக்காந்து சாவியப் போடுறேன். கேட்டீங்களா? ஒரு இருமல் கூட இல்ல. அந்த டேப்பப் பிச்சு ஒயரையும் முறுக்கி விட்டுருங்க, இனிமே யாரு வந்து முள்ளப் பாக்கப் போறா. பாருங்க, பாதிக்கு மேலயே நிக்குது!

இந்தாங்க, கொஞ்சம் கருவாடு. நிஷிமாக் களிக்குத் தொட்டுக்க நல்லா இருக்கும். அட வாங்கிக்கோங்க. மூட்டையில மேலாக்கத்தான் கருவாடு, அடியில எல்லாம் என் துணிமணி. ம்பிகாவுல அக்கா வீடு இருக்கு, அங்கதான். திரும்பி வர்றதா இல்ல.

நீங்க கபிரிப் பக்கம்தானே போறீங்க? டிராக்டர் ஒண்ணு எதிர்ல வரும். வெள்ளைச் சட்டை, இனிமையாப் பேசுவாரு. பச்சை வண்டி ஒண்ணு வழியில நின்னுக்கிட்டிருந்துச்சான்னு கேப்பாரு. நிக்கலைன்னு சொல்லுங்க அண்ணே. போய்க்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லுங்க.