மூச்சு விடப் பதினோரு இடம்

கிளாரினெட் வாசிப்பவர்களுக்கு எப்போதும் பசிதான். எங்கள் பேண்டில் அப்படிப் பதினெட்டுப் பேர். புனிதர் திருவிழா அன்று காலைப் பூசை முடிவதற்குள் சதுக்கத்தில் விற்கிற வறுகடலை முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு, விரலில் உப்போடு மேடை ஏறுவார்கள். இந்த வருடம் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். அன்று எனக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு சொட்டு ஒயின் குடிக்காமலே தலை கிறுகிறுத்தது.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். பாடகர்களும் வயலின்களும் சேர்ந்து செய்யும் ஓபராவை, ஐம்பது பேர் ஊதுகிற பேண்டுக்கு மாற்றி எழுதுவேன். வயலின் செய்ததைக் கிளாரினெட் செய்யும். கதாநாயகி பாடியதைப் பித்தளைக் கொம்பு பாடும். இத்தாலியின் தென்கோடியில், எங்கள் புலியா பக்கத்தில் பாதிப் பேர் ஓபரா அரங்கத்துக்குள் காலடி வைத்ததில்லை. ஆனால் எந்த அங்கத்தில் யார் சாகிறார்கள் என்பது இறைச்சிக்கடைக்காரருக்குக்கூட அத்துப்படி. அது என்னால் வந்தது.

எங்கள் கதாநாயகி விதான்தோனியோ. நூற்றுப் பத்துக் கிலோ, முறுக்கு மீசை, தொழில் முடிதிருத்துவது. அவன் கொம்பை வாயில் வைத்தால் பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் பாரி நகரத்து டாக்டர் அவன் இதயத்தைப் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினால் ஆள் காலி என்று சொல்லிவிட்டார். அதை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான், எனக்குச் சவரம் செய்துகொண்டே.

“ஓரோன்சோ, நடுநடுவுல நான் மூச்சு விட இடம் வச்சு எழுதுடா. பேண்டு மாஸ்டருக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. கொம்பு இல்லேன்னா நான் வெறும் மீசைதான்டா.”

வைத்தேன். கதாநாயகி விஷம் குடித்துச் சாகும் கட்டத்தில் மட்டும் பதினோரு இடம். அவன் வாயை எடுக்கும்போது கிளாரினெட்டுகள் நைசாக உள்ளே வந்து பாட்டைத் தாங்கிக்கொள்ளும். மூன்று வருடம் ஒரு காதுகூடக் கண்டுபிடிக்கவில்லை. நான் எழுதியதிலேயே நுட்பமான வேலை அது. ஆனால் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட முடியாது.

போன வருடம் கூட்டம் அவனைத் தோளில் தூக்கியது. எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவி என் பக்கம் திரும்பி, “நீங்க பேண்டுல நாற்காலி போடறவரா?” என்று கேட்டார். நல்ல பெண்மணி. அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. வீட்டுக்குப் போய் ஓபராவின் மூலத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். இசையமைத்தவர் அந்தப் பதினோரு இடத்திலும் இடைவெளி விடவில்லை. அப்படியானால் மூன்று வருடமாக நான் எழுதியது தப்பு. தப்பைத் திருத்துவது என் கடமை இல்லையா?

திருத்தினேன். கிளாரினெட்டுகளை அங்கே சும்மா இருக்க வைத்தேன். பளிச்சென்று கேட்கட்டும் என்று சுருதியையும் ஒரு கட்டை ஏற்றினேன். புதிய தாள்களைத் திருவிழாக் காலையில்தான் கொடுத்தேன். ஊர் ஊராகப் போகும் மாதங்களில் ஒத்திகைக்கு ஏது நேரம்? முன்னால் வைத்ததை வாசிப்பதுதான் எங்கள் வழக்கம். எதிர் மேடையில் பக்கத்து ஊர் பேண்டு தயாராக உட்கார்ந்திருந்தது. நாங்கள் தடுமாறி நின்றால் அந்த நொடியே அவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். வருடம் முழுக்க எங்கள் ஊர் தலைகுனிந்து நடக்க வேண்டும். விதான்தோனியோ உயிரே போனாலும் நிறுத்த மாட்டான். அது எனக்குத் தெரியும்.

அவன் வாசித்த வாசிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பதினோரு இடத்தையும் நிற்காமல் தாண்டினான். முகம் முதலில் தக்காளி நிறம், பிறகு கத்தரிக்காய் நிறம். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசிச் சுரத்தை முழுதாக முடித்துவிட்டு உட்கார்ந்தான்; தலை மார்பில் தொங்கியது. கதாநாயகி சாவதை நடித்துக் காட்டுகிறான் என்று சதுக்கமே எழுந்து கைதட்டியது. எதிர் பேண்டும் தட்டியது. எழுந்து வணக்கம் வைக்கச் சொல்லி ஆறு நிமிடம் தட்டினோம். நானும்தான், கை சிவக்கச் சிவக்க.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதிவிட்டார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் அடக்கத்தன்று, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் இரண்டாம் கொம்புக்காரர் ஒன்றைச் சொல்லி அழுதார். மேடையில் தாளைப் பிரித்ததுமே விதான்தோனியோ பார்த்துவிட்டானாம். அவர் காதில் மெதுவாகச் சொன்னானாம்.

“பாவம், ஓரோன்சோ மறந்துட்டான். மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க, அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு. நான் சமாளிச்சுக்கறேன்.”

என்ன மறந்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கோ அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு புள்ளி, ஒரு கோடு நான் மறந்ததில்லை, ஐயா. ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். விதான்தோனியோ அப்படி நினைத்துக்கொண்டே போய்விட்டான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் நானாகவே வந்தேன். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறக்கவில்லை. பதினொன்றையும் ஒவ்வொன்றாக எண்ணித்தான் எடுத்தேன்.