முட்டி அளவு

— ஏங்க, அறுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அளந்துக்கங்க.

— பொழுதன்னைக்கும் கம்பெனியில தையல் மெஷின் முன்னாடி உட்கார்றவன் நான். எனக்கே அளக்கச் சொல்லித் தர்றியா?

— ஆமா, உட்கார்றதுல உங்களை மிஞ்ச ஆளில்ல. ஆனா இது சாப்பாட்டு மேஜை. மெஷின் இறக்கற ஓட்டை தப்பாப் போச்சுன்னா தைக்கவும் ஆகாது, தட்டு வைக்கவும் ஆகாது.

— நகரு, தூள் கண்ணுல விழும்... இதோ, அறுத்த துண்டு கையோட வந்துடுச்சு. மெஷினைத் தூக்கு. மெதுவா... ஐயோ, என் விரலு!

— கத்தாதீங்க. உட்கார்ந்துச்சா?

— கச்சிதமா. உன் வாய் மாதிரி இல்ல, அளவா இருக்கு.

— அப்பாடா, மலையைப் புரட்டியாச்சு! மோட்டாரு?

— அடியில முடுக்கிட்டேன். கால் மிதியும் மாட்டிட்டேன். அது கிடக்கட்டும்... யாருக்கு இந்தக் கூத்து? பட்டன் போனா ஊக்கு குத்திக்கிட்டு அலையற ஆளு நீ.

— கத்துக்கிட்டாப் போச்சு.

— இது வீட்டு மெஷின் இல்லம்மா, கம்பெனி மெஷின். கால் பட்டாலே பறக்கும். உன் தம்பி எங்கயோ கிடந்ததை உன் தலையில கட்டிட்டான்.

— என் தம்பியை இழுக்காம சாப்பிட மாட்டீங்களே. இந்தாங்க, இந்த நாலு கட்டையையும் மேஜைக் காலுக்கு அடியில வைங்க.

— எதுக்கு? இப்பவே நீ உட்கார்ந்தா தலை மட்டும்தான் தெரியும். இன்னும் உசத்தினா அதுவும் தெரியாது.

— வைங்கன்னா வைங்க.

— அதுக்காக உசரமா உட்கார்ந்தா மிதி எட்டாதுடி. காலை ஆட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்... வச்சாச்சு. திருப்தியா?

— நீங்க உட்காருங்க, பார்க்கலாம்.

— நான் எதுக்கு? காலையில வேலைக்குப் போகணும். அவசர ஆர்டர். நான் இல்லேன்னா...

— கம்பெனியே கதவைச் சாத்திடும். தெரியும். உட்காருங்க... முட்டி இடிக்குதா?

— இல்ல.

— மிதிக்க?

— வாகா இருக்கு... எனக்குன்னே அளவெடுத்த மாதிரி... எப்படி?

— கொடியில காயற உங்க பேண்டை வச்சு அளந்தேன்.

— எதுக்கு?

— முதல்ல சட்டையை உதறுங்க. பூரா மரத்தூள்.

— பேச்சை மாத்தாத. நான்தான் தினம் கம்பெனிக்குப் போறேனே... எனக்கு எதுக்கு வீட்ல மெஷின்?

— முன்னெல்லாம் உங்க சட்டையைத் துவைக்க எடுத்தா பை நிறைய நூல் பிசிறு இருக்கும். இப்ப கொஞ்ச நாளா காஞ்ச இலைதான் இருக்கு. எந்தப் பூங்கா, எந்த பெஞ்சுன்னு நான் கேட்கல. நீங்களே சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு காத்திருந்து எனக்குத்தான் மனசு விட்டுப்போச்சு. நாளைக்குச் சாப்பாட்டு டப்பா கட்ட மாட்டேன்... பெஞ்சு ஆணியில கிழிஞ்ச பேண்டுதான் கொடியில இருக்கு, முதல் வேலையா அதைத் தைங்க.