காலையில் அளந்த கால்

"காலையில அளந்த கால் என்ட காலே இல்ல," என்றார் எனக்கு முன்னால் நின்ற துறைமுகத் தொழிலாளி. பின்னேரம் கிண்ணியாவுக்குப் போகும் பாதைப்படகு அது. துறைமுக ஸ்டோரில் வேலைக்கென்று கொடுத்த புதுத் தோல் சப்பாத்துச் சோடியை நாடாவால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நின்றார்.

"ஸ்டோர்காரன் ஏழாம் நம்பர் எண்டுதானே காக்கா அளந்தவன்?" என்றார் கூட வேலை செய்யும் தம்பி வயதுக்காரர்.

"ஓம், எட்டு மணிக்கு ஏழுதான். பகல் முழுக்க மூட்டையோட நிண்டா கால் வீங்கி எட்டாகிடும். பின்னேரம் அளக்கச் சொன்னனான். நாங்க வேலை விட முன்னம் ஸ்டோரைப் பூட்டிடுறான்."

"தேங்காயெண்ணெய் பூசி நாலு நாள் போட்டுத் திரிங்க. தோல் இளகிடும்."

"பக்கவாட்டுல இளகும். நீளத்துக்கு இளகுமா? பெருவிரல் போய் முட்டுது. எனக்கு ஏலா."

"சப்பாத்து இல்லாம நாளைக்கு மூட்டை தூக்க விடமாட்டாங்க, காக்கா."

"விட வேணாம். ஸ்டோர் வாசல்லயே நிக்கிறன். சும்மா நிண்டாலும் கால் வீங்கும்தானே? அவன் பூட்ட வரக்குள்ள எட்டாகியிருக்கும். அப்ப குனிஞ்சு அளக்கட்டும்."